புதுப் படகு: கரைக்கு வந்து நிற்கும் விலையைக் கேளுங்கள்

கேள்வி

வணக்கம் ஐயா. நாங்கள் நாச்சிக்குடாப் பக்கம். என் கணவரும் அவருடைய தம்பியும் இதுவரை இன்னொருவரின் படகில் பங்குக்குத் தொழிலுக்குப் போய்வந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் அக்கா அனுப்பிய காசும் என் சீட்டுக் காசுமாக 6 இலட்சம் சேர்ந்திருக்கிறது. நண்டுத் தொழிலுக்கு ஒரு பதினெட்டரை அடி பைபர் படகும் 15 குதிரைவலு எஞ்சினும் எடுக்க யோசிக்கிறோம். கடைக்காரர் போனில் படகு 6 இலட்சத்து 20 ஆயிரம், எஞ்சின் 7 இலட்சத்து 80 ஆயிரம், 14 இலட்சத்தோடு எல்லாம் முடியும் என்றார். நேரில் போனபோது தந்த கொட்டேசனில் எஞ்சின் பூட்டும் கூலி 18,000, ஆவணக் கட்டணம் 12,500, கையாளும் கட்டணம் 25,000, பதிவு உதவி 15,000, போக்குவரத்து 45,000, துணைப்பொருள்கள் 64,500 என்று ஏற்றி, பிறகு 30,000 கழிவு என்று இறக்கி, 15 இலட்சத்து 50 ஆயிரத்தில் நிற்கிறது. மிச்சக் காசுக்கு மாதம் ஒரு வீத வட்டியில் லீசிங் எடுத்துத் தருவாராம். எங்கள் கரையில் நண்டு எடுக்கும் முதலாளியோ, நண்டைத் தனக்கே தந்தால் அந்தக் காசை வட்டியில்லாமல் தான் போடுவதாகச் சொல்கிறார். எதை நம்புவது? எதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது?

பதில்

தங்கச்சி, முற்பணம் கொடுக்க முதல் எழுதிக் கேட்டீர்களே, அதுவே பெரிய காரியம். கடற்தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் பார்க்கும் வேலையில் இருப்பவன் நான். என்னிடம் வரும் படகுக் கணக்குகளில் பெரும்பாலானவை காசு கைமாறிய பிறகுதான் வருகின்றன. அந்த நேரத்தில் ஆறுதல் சொல்லலாமே தவிர வேறொன்றும் செய்ய ஏலாது.

போனில் சொன்னதும் கொட்டேசனில் எழுதியதும் இரண்டுமே உங்களுக்கு உதவாத விலைகள். படகும் எஞ்சினும் பதிவு முடிந்து, வேண்டிய சாமான்களோடு, உங்கள் கரை மணலில் வந்து நிற்கும்போது மொத்தமாக எவ்வளவு கொடுத்திருப்பீர்கள்? அந்த ஒரு தொகையைத்தான் கேட்க வேண்டும். கடைகளை ஒப்பிடுவதென்றாலும் அந்தத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். ஒரு கடையில் எஞ்சின் 20,000 குறைவு என்று ஓடிப் போய், அங்கே கூலியும் கட்டணமுமாக 60,000 கட்டிவிட்டு வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது உங்கள் கொட்டேசனுக்கு வருவோம். ஏற்றிய ஆறு வரிகளையும் கூட்டினால் 1 இலட்சத்து 80 ஆயிரம் வருகிறது. அதில் 30,000 கழித்துவிட்டுச் சலுகை என்கிறார். ஆகவே கழிவை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு வரியையும் எடுத்து, இந்தக் காசு யார் கைக்குப் போகிறது, இதற்குப் பதிலாக எனக்கு என்ன வருகிறது என்று கேளுங்கள். லொறிக்காரருக்கோ கடற்தொழில் திணைக்களத்துக்கோ போகிற காசு என்றால் அதற்கு அவர்கள் தரும் பற்றுச்சீட்டு இருக்கும். கடைக்காரரிடமே நிற்கிற காசு என்றால் அது அவருடைய இலாபத்தின் இன்னொரு பெயர். அவர் உழைக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. முதல் போட்டு எஞ்சினை இறக்கி வைத்திருப்பவருக்கு இலாபம் வேண்டும்தான். அதை எஞ்சின் விலைக்குள் வைத்து, ஒரே விலையாகச் சொல்லட்டும்.

எஞ்சின் பூட்டும் கூலியைக் கொடுக்க வேண்டாம். புது எஞ்சின் பெட்டியில் வரும். அதைத் திறந்து, சோதித்து, பின்பலகையில் பூட்டி, ஓடவிட்டுக் காட்டி ஒப்படைப்பது விற்பவர் செய்ய வேண்டிய வேலை என்றுதான் எஞ்சின் செய்யும் கம்பனிகளே எதிர்பார்க்கின்றன. ஆவணக் கட்டணம் என்பது பில் எழுதுவதற்கும் வொரண்டி அட்டை நிரப்புவதற்கும் கேட்கிற காசு. ஒரு பொருளை விற்றவர் அதற்குப் பில் தருவது கடமை, அதற்குத் தனியாக 12,500 இல்லை. கையாளும் கட்டணம் எதைக் கையாள்வதற்கு என்று கேட்டுப் பாருங்கள். கொழும்பிலிருந்து எஞ்சின் கடைக்கு வந்த கூலி என்று சொல்வார். அது அவர் கொள்முதல் செலவு, ஏற்கெனவே 7 இலட்சத்து 80 ஆயிரத்துக்குள் இருக்கிறது. இந்த மூன்று வரியிலும் மட்டும் 55,500 ரூபா. உறுதியாக நின்றால் பெரும்பாலும் முழுவதுமே போகும்.

பதிவு உதவி 15,000 கொஞ்சம் வேறு மாதிரி. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்தொழில், நீரியல் வளச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகு ஒவ்வொன்றையும் திணைக்களத்தில் பதிய வேண்டும். திணைக்களத்தின் பரிசோதகர் வந்து படகை அளந்து பார்ப்பார், எஞ்சின் இலக்கத்தைக் குறிப்பார், பிறகுதான் படகுக்கு இலக்கம் கிடைக்கும். இதற்குரிய அரசாங்கக் கட்டணத்தை அலுவலகத்தில் நீங்களே கட்டி, பற்றுச்சீட்டு வாங்கலாம். உங்கள் கரைக்குப் பொறுப்பான பரிசோதகர் யார் என்று சங்கத் தலைவருக்குத் தெரியும். கடைக்காரர் கேட்பது அலைச்சல் கூலி. இரண்டு நாள் அலைய உங்களுக்கு வசதி இருக்கிறது என்றால் அந்தக் காசு மிச்சம்.

அந்தப் பரிசோதகரிடம் முற்பணம் கொடுக்க முதலே ஒருக்கால் போய் வாருங்கள் என்று கட்டாயம் சொல்வேன். எந்தக் கட்டுமுற்றத்தின் (படகு கட்டும் இடத்தின்) படகை எடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லி, அதைப் பதிவதில் ஏதும் சிக்கல் வருமா, அந்த முற்றத்திலிருந்து என்ன கடிதங்கள் வாங்கி வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படகு கரைக்கு வந்த பிறகு ஒரு கடிதம் குறைகிறது என்றால், அதற்காக நீங்கள் ஓடும் ஓட்டத்துக்குக் கணக்கே இல்லை.

போக்குவரத்து உண்மையான செலவுதான். ஆனால் அது எங்கிருந்து எதுவரைக்கும்? கட்டுமுற்றம் நீர்கொழும்பில் இருப்பதும் யாழ்ப்பாணத்தில் இருப்பதும் ஒன்றில்லை. லொறி உங்கள் கரைவரை வருமா, ஏ-32 வீதியில் இறக்கிவிட்டுப் போய்விடுமா? மணலில் இழுக்க உழவு இயந்திரம் பிடித்தால் அது யார் செலவு? ஏற்றி இறக்கும் ஆட்கூலி உள்ளடங்குமா? வழியில் படகு அடிபட்டால் யார் பொறுப்பு? இந்த நாலையும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் சங்கத்தில் வேறு யாராவது படகு எடுக்க இருந்தால் சேர்ந்தே ஏற்றுங்கள். எஞ்சின் பூட்டாத வெறும் பைபர் படகுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஒரே லொறியில் கொண்டு வருவார்கள், கூலி பிரியும்.

துணைப்பொருள்கள் 64,500 என்ற வரியை வடிவாகப் பாருங்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விலை போட்டுத் தரச் சொல்லுங்கள். எண்ணெய் டாங்கி, ரப்பர்க் குழாய், ஸ்பானர் சாவிப் பை என்று வரிசையாக வந்தால் உடனே எஞ்சின் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அதற்குள் இருக்கும் பொருள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இந்த அளவு எஞ்சின்கள் பலவற்றோடு 24 லீற்றர் டாங்கியும், அமுக்கி எண்ணெய் ஏற்றும் உருண்டை வைத்த குழாயும், ஒரு சின்ன சாவிப் பையும் பெட்டிக்குள்ளேயே வரும். பெட்டியில் வந்த டாங்கியை எடுத்து வெளியே வைத்து, அதையே திரும்ப விற்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உயிர்காப்பு அங்கி வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது, கடலுக்குப் போகிற ஆளுக்கு ஒன்று. மேலதிக புரொப்பலர் ஒன்றும் வேண்டும், நம்முடைய மேற்குக் கரையில் ஆழம் குறைவு, கல்லிலும் மண்ணிலும் அடிபடும். கயிறும் நங்கூரமும் கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ விசாரித்துத் தனியாக வாங்கினால் மலிவாக முடியும்.

வரி விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை, கொட்டேசனிலும் தெளிவில்லை என்று நினைக்கிறேன். 2024 ஜனவரி 1 முதல் வற் எனும் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். சொன்ன விலை வற் உள்ளடங்கலாகவா, அதற்கு வெளியேயா என்று கேட்டு, அந்த வார்த்தையைக் கொட்டேசனிலேயே எழுதுவியுங்கள். 7 இலட்சத்து 80 ஆயிரம் எஞ்சினுக்குக் கடைசி நாளில் 18 சதவீதம் தனியாக ஏறினால் 1 இலட்சத்து 40 ஆயிரத்து 400 ரூபா கூடும், நீங்கள் குறைத்த அத்தனையும் அதில் போய்விடும். இன்னொன்று, வற் என்று தனி வரியில் காசு வாங்க எல்லாக் கடைக்கும் உரிமை இல்லை. வற் பதிவு உள்ளவர்தான் வாங்கலாம். அவருடைய பதிவிலக்கம் பில்லில் இருக்க வேண்டும். ஒன்பது இலக்கமும், அதற்குப் பின்னால் ஒரு கோடும் 7000 என்பதும் என்று அது முடியும். இலக்கம் இல்லாத பில்லில் வற் வரி இருந்தால் அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகாது.

இனிப் படகு. 6 இலட்சத்து 20 ஆயிரம் கூடவா குறையவா என்று கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஒரே பதினெட்டரை அடி, ஒரே நிறம், பார்வைக்கு ஒரே படகு, ஆனால் இரண்டு முற்றத்துக்கும் இடையில் இலட்சம் ரூபா வித்தியாசம் வரலாம். அந்த வித்தியாசம் சுவருக்குள் இருக்கிறது: எத்தனை படை மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வைத்தார்கள், அதை ஒட்டி இறுக்கும் ரெசின் என்ன தரம், பின்பலகைக்குள் நல்ல கடற்பலகை வைத்தார்களா, மிதப்பு அறைக்குள் நுரை அடைத்தார்களா வெறும் காற்றா. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அவசரத்தில் கட்டிக் கொடுத்த படகுகளில் தரமில்லாதவையும் நிறைய இருந்தன. காசு கொடுத்து வாங்குகிற நீங்கள் அப்படி ஒன்றை எடுக்கத் தேவையில்லை.

முற்றத்துக்கு நேரே போங்கள். உங்கள் கணவரையும் அவர் தம்பியையும் மட்டுமில்லாமல் பைபர் வேலை தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள். பூச்சு அடிக்க முதல் பார்த்தால் நல்லது. வெயிலுக்கு எதிரே நிறுத்தி உள்ளே இருந்து பார்த்தால் காற்றுக் குமிழி இருக்கிற இடம் தெரியும், மேட் மெல்லிசான இடம் வெளிச்சமாகத் தெரியும். நாணயக் குற்றியால் தட்டிக்கொண்டே நடந்தால் நன்றாக ஒட்டிய இடம் கணீரென்றும், படை விலகிய இடம் பொத்தென்றும் கேட்கும். உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பும் மூக்கைத் துளைக்கும் மணமும் இருந்தால் ரெசின் இன்னும் சரியாக இறுகவில்லை, அந்தப் படகை இப்போது எடுக்க வேண்டாம். விளிம்பில் வெட்டிய இடமோ துளை போட்ட இடமோ இருந்தால் அங்கே தடிப்பு எவ்வளவு என்று அளக்கலாம். பிறகு படகின் அடியில் எத்தனை படை, பக்கத்தில் எத்தனை படை, பின்பலகை எத்தனை குதிரைவலு எஞ்சினுக்குக் கட்டியது, படகின் உடலுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று முற்றத்தின் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நல்ல முற்றத்துக்காரர் இதை எழுதித் தரத் தயங்க மாட்டார், சொல்லப் போனால் அதைப் பெருமையாகவே நினைப்பார். எழுத மறுக்கிறவரிடம் 50,000 குறைவு என்றாலும் எடுக்காதீர்கள், உங்கள் வீட்டு ஆட்கள் இரண்டு பேரும் அதில்தான் போகப் போகிறார்கள்.

கடைக்காரர் இன்னும் கொஞ்சம் போட்டால் 25 குதிரைவலு எஞ்சினே எடுக்கலாமே என்று நிச்சயம் சொல்வார். வேண்டாம். முல்லைத்தீவில் அலையை உடைத்துக்கொண்டு ஆழக் கடலுக்குப் போகிறவர்களுக்கு அது தேவைப்படும். உங்கள் பக்கம் கரைக்குக் கிட்ட நண்டு வலை விடுவதற்கு 15 போதும். முழு வேகத்தில் 15 குதிரைவலு எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ ஆறேழு லீற்றர் எண்ணெய் குடிக்கும், 25 என்றால் பத்துக்கு மேல். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது எங்கள் கரைகளில் எத்தனை எஞ்சின் வாடிக்குள் (கரைக் கொட்டிலுக்குள்) படுத்தது என்று உங்களுக்குத் தெரியும்.

எஞ்சின் விஷயத்தில் நான் பார்க்கச் சொல்வது இரண்டு. தகட்டில் இருக்கும் தொடர் இலக்கமும் பில்லில் இருக்கும் இலக்கமும் வொரண்டி அட்டையில் இருக்கும் இலக்கமும் ஒன்றா? அந்த வொரண்டி தொழிலுக்குப் பாவிக்கும் எஞ்சினுக்கு எத்தனை மாதம்? பொழுதுபோக்குக்கு ஓடும் எஞ்சினுக்கு ஒரு காலமும், தொழிலுக்கு ஓடும் எஞ்சினுக்கு அதைவிடக் குறைந்த காலமும் கொடுப்பது கம்பனிகளின் பொதுவான வழக்கம். கடைக்காரர் வாயால் சொல்வது பெரும்பாலும் முதலாவதாக இருக்கும். மண்ணெண்ணெயில் ஓட்ட என்று செய்த மாதிரிதானா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டிக் கெடுத்தால் வொரண்டி நிற்காது.

சரி, காசுக்கு வருவோம். உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி இதுதான். கட்டணங்களில் போவது ஒரு முறை போகிற காசு. கடனில் போவது ஒவ்வொரு மாதமும் போகும்.

மாதம் ஒரு வீதம், ஆண்டுக்கு 12 தான் என்று கேட்க நன்றாக இருக்கும். கணக்கைப் போடுங்கள். மிச்சம் 9 இலட்சத்து 50 ஆயிரம், மூன்று ஆண்டு. முழுத் தொகைக்கும் மூன்று ஆண்டும் 12 வீதம் போட்டால் வட்டி 3 இலட்சத்து 42 ஆயிரம். மொத்தம் 12 இலட்சத்து 92 ஆயிரத்தை 36 ஆகப் பிரித்தால் மாதம் 35,889 ரூபா. ஆனால் நீங்கள் ஒவ்வொரு மாதமும் முதலையும் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். இரண்டாம் ஆண்டு முடியும்போது உங்கள் கையில் அவர்களுடைய காசு பாதிகூட இருக்காது, வட்டி மட்டும் 9 இலட்சத்து 50 ஆயிரத்துக்கே போய்க்கொண்டிருக்கும். குறைந்து வரும் நிலுவைக்கு வட்டி என்று பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 21 வீதம். அதே 12 வீதத்தைக் குறையும் நிலுவைக்குப் போடும் இடம் கிடைத்தால் மாதம் ஏறத்தாழ 31,550 தான் வரும், மொத்த வட்டி 1 இலட்சத்து 86 ஆயிரம். ஒரே 12 தான், வித்தியாசம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். ஆகவே வீதம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். மாதத் தவணை எவ்வளவு, எத்தனை தவணை, ஆவணக் கட்டணம், முத்திரைக் கட்டணம், காப்புறுதி எல்லாம் சேர்த்து மொத்தமாக எவ்வளவு கட்டி முடிப்பேன், நடுவில் முழுவதையும் கட்டினால் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். மக்கள் வங்கி, இலங்கை வங்கி, கூட்டுறவுக் கிராமிய வங்கி மூன்றிலும் இதே கேள்விகளோடு ஏறி இறங்குங்கள். லீசிங் கம்பனியைக் கொண்டு வந்து சேர்க்கிற கடைக்காரருக்கு அதில் தரகு கிடைப்பது வழக்கம், அதனால்தான் அவர் உங்களை வங்கிக்குப் போகச் சொல்ல மாட்டார். எழுதிய கணக்கைக் காட்ட ஒரு நிதிக் கம்பனி மறுத்தால் மத்திய வங்கியின் நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துச் சொல்லலாம்.

நண்டு முதலாளியின் காசு. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வங்கி ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில் நம்முடைய கரைகளில் படகு இறங்கியது சம்மாட்டிமாரின், அதாவது படகுக்கு முதல் போடும் முதலாளிமாரின், காசில்தான். ஆனால் வட்டியில்லை என்பது சரியில்லை, வட்டி நண்டில் இருக்கிறது. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: மற்றவர் கொடுக்கும் விலையிலிருந்து அவர் கிலோவுக்கு 150 ரூபா குறைத்து எடுக்கிறார், நாளுக்கு 6 கிலோ, மாதத்தில் 20 நாள் தொழில் என்று வையுங்கள். மாதம் 18,000 ரூபா. ஆண்டில் பத்து மாதம் ஓடினால் 1 இலட்சத்து 80 ஆயிரம். வங்கியில் மூன்று ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டும் வட்டி இங்கே ஓர் ஆண்டிலேயே கிட்டத்தட்டப் போய்விடுகிறது. அந்த 18,000 கடனில் ஒரு ரூபாவைக்கூடக் குறைக்காது, முதலை அதற்கு மேலாகக் கட்ட வேண்டும். நல்ல பாடு வருகிற மாதத்தில் அந்தத் தொகை இன்னும் கூடும். பெரிசு சின்னன் என்று தரம் பிரிப்பதும், மெலிந்தது என்று ஒதுக்குவதும், தராசும் அவர் கையில். கடன் இருக்கும்வரை அடுத்த வாடிக்கு ஒரு கிலோ கொண்டுபோய் விலை கேட்கவும் ஏலாது.

இருந்தாலும் வங்கி கைவிட்டு, அவரிடமே போக வேண்டி வரலாம். அப்படியென்றால் மூன்று விஷயத்தைப் பேசி, சங்கத் தலைவரைச் சாட்சியாக வைத்து எழுதிக்கொள்ளுங்கள். அன்றன்று கரையில் மற்றவர் கொடுக்கும் விலையையே அவரும் கொடுக்க வேண்டும், அல்லது எவ்வளவு குறைப்பார் என்பது ஒரே தொகையாக நிற்க வேண்டும். ஒவ்வொரு நாளும் நிறையும் விலையும் கழித்த தொகையும் உங்களிடம் இருக்கும் கொப்பியிலும் எழுதப்பட வேண்டும். வேறிடத்தில் காசு கிடைத்தால் எப்போது வேண்டுமானாலும் மிச்சத்தைக் கட்டி விலகலாம், அதற்குத் தண்டம் இல்லை. முழுத் தொகையையும் அவரிடம் எடுக்காமல், எஞ்சினில் ஒரு பகுதிக்கு மட்டும் எடுத்தால் கட்டு சீக்கிரம் அவிழும்.

அந்த 6 இலட்சத்தையும் ஒரேயடியாக முற்பணமாகப் போடாதீர்கள். வலை வேண்டும், முதல் மாத எண்ணெய் வேண்டும், காற்றுக் காலத்தில் கடலுக்குப் போகாத நாட்களிலும் தவணை நாள் வந்துவிடும். குறைந்தது ஒன்றரை இலட்சமாவது கையில் நிற்கட்டும், அதற்காகக் கடன் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

முற்பணம் கொடுக்கிறபோது பற்றுச்சீட்டில் மொத்த விலை, அது எந்தத் திகதிவரை மாறாது, படகு எந்தத் திகதிக்கு முன் தர வேண்டும், தராவிட்டால் முற்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா என்ற நாலும் இருக்க வேண்டும். எஞ்சின் டொலர் கொடுத்து வருகிற சாமான். 2022 மார்ச்சில் ரூபா விழுந்தபோது டொலர் 200 ரூபாவிலிருந்து சில கிழமைகளிலேயே 300ஐத் தொட்டது. விலை மாறாது என்று எழுத்தில் இல்லாத முற்பணத்தை வைத்துக்கொண்டு அப்போது யாரும் வாதாட முடியவில்லை.

பில் கேட்டால் தர வேண்டும், விலையைக் காட்டி விற்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. ஏதும் பிசகினால் அந்தச் சபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம், ஆனால் முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நம்முடைய ஆட்கள் கடைக்காரரோடு முகம் முறிக்க வேண்டாம் என்று நாலைந்து மாதம் பொறுத்திருந்து, பிறகு போய் நிற்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

கடைக்காரரிடம் போகும்போது சண்டைக்குப் போகிற மாதிரிப் போகத் தேவையில்லை. ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள்: “பூட்டும் கூலி, ஆவணம், கையாளுதல், பதிவு உதவி நான்கும் வேண்டாம். துணைப்பொருளை ஒவ்வொன்றாக விலையிட்டுத் தாருங்கள். வற் உட்பட, கரையில் இறக்கித் தரும் ஒரே விலை எழுதித் தாருங்கள். வேறு இரண்டு இடத்திலும் கேட்டிருக்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்கிறோம்.” அந்த நான்கும் சேர்ந்து 70,500. கழிவையும் அவர் சொன்னபடி தந்தால் 14 இலட்சத்து 79 ஆயிரத்து 500இல் வந்து நிற்கும். துணைப்பொருளில் தேவையில்லாததை எடுத்துவிட்டால் இன்னும் இறங்கும். கொடுத்தால் அவரிடமே எடுங்கள், கிட்ட இருக்கிற கடை என்பதற்கும் ஒரு பெறுமதி இருக்கிறது, எஞ்சின் நின்றால் அங்கேதான் கொண்டு போவீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அக்கா அனுப்பிய காசும் உங்கள் சீட்டுக் காசும்தான் இந்தப் படகின் முதல். பில்லும் பதிவும் யார் பெயரில் என்று இன்னும் வீட்டில் கதைக்கவில்லை போலத் தெரிகிறது. எண்ணெய் மானியம் வந்தாலும், புயல் நிவாரணம் வந்தாலும், காப்புறுதிக் காசு வந்தாலும், நாளைக்குப் படகை விற்றாலும், திணைக்களப் பதிவில் இருக்கும் பெயருக்குத்தான் கிடைக்கும். உங்கள் பெயரில் பதிவதற்கு என்ன ஆவணங்கள் வேண்டும் என்று பரிசோதகரிடம் போகிற அன்றைக்கே கேளுங்கள். கடற்தொழிலுக்குப் போகிறவர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று வீட்டில் முடிவானாலும், காசு யார் போட்டது, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்து வையுங்கள். முற்பணம் கொடுக்க முதல் செய்ய வேண்டிய வேலை அது.